கதவு மொடியூல் (கதவுக்குள்ள இருக்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி) "தொடர்பு இல்லை" என்று காட்டின வாகனங்கள்: நீங்கள் கண்டதை எழுதுங்கோ

வெள்ளவத்தை வயரிங்:

சாரதிப் பக்க மாஸ்டர் சுவிட்சால மற்ற மூன்று ஷட்டரும் (கதவுக் கண்ணாடி) அசையாது. அந்தந்தக் கதவில இருக்கிற சுவிட்சால ஏறி இறங்கும். ஸ்கானரில லின் (மொடியூல்கள் ஒன்றோடொன்று கதைக்கிற ஒற்றை வயர்) தொடர்புப் பிழை. பத்து வருசத்துக்கு மேல ஓடின றீகண்டிஷன் ஹைபிரிட். மாஸ்டர் சுவிட்ச் இரண்டு தரம் மாத்தியும் பிழை அப்படியே.

சுவிட்ச் பிளக்கைக் கழட்டாமல் பின்பக்கத்தால லின் வயரில மீற்றர் வைச்சால் 11.7 வோல்ற். கல்லு மாதிரி நிக்குது. முதல் பார்த்தவை "வோல்ற் வருது, வயர் நல்லம், அப்ப சுவிட்ச்தான்" என்று முடிவு கட்டியிருக்கினம். அதே வயரைச் சாரதியின்ர கால் பக்கப் பனலுக்குள்ள, பொடி கொம்பியூட்டர் (கதவு மொடியூல்களை நடத்துற பெட்டி) பக்கம் பார்த்தால் 9 வோல்ற் சொச்சம், கடைசி இலக்கம் நிக்காமல் ஆடுது. ஒரே வயரின்ர இரண்டு முனையில இரண்டு அளவு வந்தால் இடையில வெட்டு அல்லது கெட்ட தொடர்பு.

லின் வயர் சும்மா இருக்கேக்க பற்றரி வோல்ற்றுக்குக் கிட்ட நிக்கும். மொடியூல்கள் கதைக்கேக்க அதை எர்த்துக்கு இழுத்து இழுத்து விடும். மீற்றர் காட்டுறது சராசரிதான், அதால 8, 9, 10 என்று ஆடும். ஆடாத 12 என்றால் ஒன்றில் எல்லாம் நித்திரை, அல்லது அந்தப் பக்கம் ஆரும் கதைக்கேல்லை. வெட்டுப்பட்ட பக்கத்தில வோல்ற் எப்பிடி வருது என்று கேட்டால், ஒவ்வொரு சிலேவ் (மாஸ்டர் கேட்டால் பதில் சொல்லுற) மொடியூலுக்குள்ளயும் 30 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று லின் வயரைப் பற்றரிக்கு இழுத்து வைச்சிருக்கு. லின்னை நடத்துற மாஸ்டரில, இங்க மாஸ்டர் சுவிட்ச் இல்லை, பொடி கொம்பியூட்டர், அது 1 கிலோ ஓம். மீற்றருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, அது கரண்டே எடுக்கிறதில்லை.

வித்தியாசத்தைக் காட்ட ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் காணும். லின் வயருக்கும் எர்த்துக்கும் இடையில ஒருக்கா பிடியுங்கோ. மாஸ்டர் தொடர்பில இருந்தால் 6 வோல்ற் அளவில நிக்கும். மாஸ்டர் அறுந்து சிலேவ் மட்டும் இருந்தால் 1 வோல்ற்றுக்குக் கீழ விழும். இந்தக் காரில 0.7.

வெட்டு இருந்தது கதவுக்கும் பொடிக்கும் இடையில இருக்கிற றப்பர் பூட்டுக்குள்ள (வயர்க் கட்டை மூடிற வளையிற உறை, சாவிப் பூட்டு இல்லை). வெளி உறையில ஒரு கீறலும் இல்லை. இரண்டு விரலால பிடிச்சு இழுத்தால் அந்த ஒரு வயர் மட்டும் றப்பர் நூல் மாதிரி நீளுது, உள்ள செம்பு இல்லை.

கொட்டாஞ்சேனை ஸ்கானர்:

லின் சரி அண்ணை. ஆனால் கேன் வயரில (ஹை, லோ என்று இரண்டு வயரால மொடியூல்கள் கதைக்கிற சோடி) தொங்கிற கதவு மொடியூல் என்றால் முதல் வேலை பற்றரியைக் கழட்டி, கேன்-ஹைக்கும் கேன்-லோவுக்கும் இடையில ஓம் பார்க்கிறது. இரண்டு முனையிலயும் 120 ஓம், சமாந்தரமாக இருக்கிறதால சேர்த்தால் 60. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போச்சு. பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் இரண்டும் முட்டுது.

மனசில நிக்கிறது ஒரு யூ0199 (கதவு மொடியூலோட தொடர்பு இழந்தது என்ற பிழைக்குறி). 60 ஓம் சரியாக இருந்தது. ஸ்கானரில மொடியூல் வடிவாகத் தெரியும், ஷட்டர் இறங்கவும் செய்யும். ஏத்தப் போனால் பாதியில நிண்டு, ஸ்கானரில மொடியூல் மறைஞ்சு, இரண்டு செக்கனில திரும்ப வரும். கறுப்புப் புறோபை நேர பற்றரி நெகடிவில, சிவப்பை மொடியூலின்ர எர்த் பின்னில வைச்சு ஷட்டரை ஏத்தினால் மீற்றர் 2.3 வோல்ற். 0.2க்கு மேல வரவே கூடாது. மோட்டர் கரண்ட் இழுக்கேக்க மொடியூலின்ர எர்த் மேல தூக்குப்பட்டு, அதுக்குச் சாப்பாடு காணாமல் றீசெட் ஆகுது. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயின்டும் துருவும். சுரண்டி இறுக்கினதோட சரி. மோட்டர் ஓடாமல் அளந்திருந்தால் 0.0தான் காட்டும்.

மருதானை டயக்னோஸ்டிக்:

தம்பி, எர்த் சோதனை நூறு வீதம் சரி. 60 ஓம் கதைக்கு மட்டும் மறுப்பு.

120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது பஸ்ஸின்ர (எல்லா மொடியூலையும் இணைக்கிற பொது வயர்) இரண்டு கடைசியிலதான். கதவு மொடியூல் அனேகமாக நடுவில இருந்து பிரியிற கிளை. அந்தக் கிளை பூட்டுக்குள்ள அறுந்து கிடந்தாலும் பிரதான வயரில 60 ஓம் அச்சொட்டாகக் காட்டும். "60 இருக்கு, வயரிங் நல்லம்" என்று மொடியூலை மாத்திறது அங்கதான் தொடங்குது. அளக்கிறது என்றால் கதவுக்குள்ள, மொடியூல் பிளக்கைக் கழட்டி, வயர் பக்கப் பின்னில அளக்கவேணும். அங்கயும் 60 வந்தால்தான் கிளை நல்லது.

இன்னொன்று. 2000களில வந்த ஜேர்மன் கார்கள் பலதில கதவுகள் இருக்கிறது வேகம் குறைஞ்ச கேனில, ஐஎஸ்ஓ 11898-3. அதில 120 ஓம் கிடையவே கிடையாது, ஒவ்வொரு மொடியூலுக்குள்ளயும் தனித்தனி ரெசிஸ்டர். 60ஐத் தேடினால் இல்லாத பிழையைத் தேடித் திரிய வேண்டியதுதான். வோல்ற்றும் வேற. வேகக் கேனில இரண்டு வயரும் 2.5இல நிண்டு, ஹை 3.5க்கு ஏறி லோ 1.5க்கு இறங்கும். இதில ஹை பூச்சியத்தில நிண்டு 3.6 அளவுக்கு ஏறும், லோ 5இல நிண்டு 1.4 அளவுக்கு இறங்கும். வாகனம் நித்திரைக்குப் போனால் லோ வயர் 12க்கு ஏறி நிக்கும். அதைப் பார்த்து "பற்றரி வயரோட முட்டுது" என்று ஹார்னசை (வயர்க் கட்டை) வெட்டினதைக் கண்டிருக்கன்.

அப்படி ஒரு செடான். இடப்பக்கக் கதவின்ர கேன்-ஹை எப்பவோ அறுந்து எர்த்தோட முட்டினது. இந்த வகைக் கேன் ஒரு வயரிலயும் ஓடும், அதால ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஸ்கானர் "ஒற்றை வயர்" என்று எழுதி வைச்சதை அழிச்சு அழிச்சு விட்டிருக்கு. ஐப்பசி மழையில மற்ற வயரும் ஈரத்தில எர்த்தோட முட்ட, ஒரே இரவில நாலு கதவும் நிண்டு போச்சு. ஸ்கோப்பில (அலைவடிவம் காட்டுற கருவி) பார்த்தால் இரண்டு கோடும் படுத்தே கிடந்தது.

தெஹிவளை கடற்கரை:

மீற்றர் 0.9 வோல்ற். கதவு நாலும் செத்தது, பக்கக் கண்ணாடி மடியாது. 12 வரவேண்டிய லின் வயர் 0.9இல கிடந்தால் ஒரு மொடியூல் பஸ்ஸைப் பிடிச்சு அமத்திக்கொண்டு இருக்கு, அல்லது வயர் பொடியில முட்டுது. பிளக் பிளக்காகக் கழட்டவேணும். பின் இடது மோட்டர் பிளக் விடுபட்ட அந்தக் கணமே மீற்றர் 11.6க்குப் பாய்ஞ்சு, மற்ற மூன்று ஷட்டரும் வேலை செய்தது.

மோட்டரின்ர மூடியைத் திறந்தால் சேர்க்கிற் போர்ட்டில பச்சைக் களிம்பு, பிளக் பின்களின்ர அடியில உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கு. ஷட்டர் கண்ணாடியின்ர வெளி றப்பரால மழைத் தண்ணி கதவுக்குள்ள வரத்தான் செய்யும், அது பிழையில்லை. அடியில இருக்கிற ஓட்டையால வெளியேறவேணும். இந்தக் கதவில ஓட்டை மண்ணால அடைஞ்சிருந்தது. ஸ்பீக்கர் பூட்டினவை உள் பிளாஸ்டிக் ஷீற்றைக் கிழிச்சு அப்படியே விட்டிருக்கினம். கறுப்புப் பசை திரும்ப ஒட்டாட்டில் தண்ணி நேர மொடியூல் பக்கம் வழியும். கடலுக்குக் கிட்ட நிப்பாட்டிற வாகனத்துக்கு இது இரட்டை அடி.

ஈரம் மட்டும் என்றால் ஐசோபுரோப்பைல் அல்ககோலும் மென்மையான பிறஷும் போட்டுக் கழுவி, நல்லாக் காயவைச்சுப் பார்க்கலாம். பின்னடியில செம்பு தின்னப்பட்டிருந்தால் கழுவிப் பிரயோசனமில்லை. 2016 வைகாசி வெள்ளத்தில களனிக் கரையில நிண்ட வாகனங்களில கழுவித் திருத்தின மொடியூல்கள் சில மாதத்தால திரும்ப வந்தது நிறைய.

மட்டக்குளி ஓட்டோ எலெக்ரிக்:

வெள்ளவத்தை அண்ணை எழுதின மாதிரித்தான், பூட்டுக்குள்ள மூன்று வயர் அறுந்த ஒரு வான். முதல் ஆரோ முறுக்கி டேப் சுத்தியிருந்தார். கதவைப் பூட்ட வேலை செய்யும், திறக்க நிக்கும்.

அந்தத் திருத்தத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதுதான் முக்கியம். பூட்டுக்குள்ள ஒரு மூட்டும் வரக்கூடாது. முறுக்கினாலும் சரி, ஈயம் ஒட்டினாலும் சரி. ஈயம் செம்பு நூல்களுக்குள்ள ஏறி அந்த இடத்தை ஊசி மாதிரி விறைப்பாக்கும், கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் வளைவு ஈயம் முடியிற இடத்திலயே விழும், அங்க திரும்ப அறும். கால் பக்கப் பனலுக்குள்ள இருந்து கதவின்ர உள் பக்கம் வரை முழுத் துண்டாகப் புது வயர் இழுங்கோ. 50 சென்ரிமீற்றர் அளவு பிடிக்கும், கதவை முழுக்கத் திறந்து வைச்சு அளந்து வெட்டுங்கோ. சிக்னல் வயருக்கு 0.35 அல்லது 0.5 சதுர மில்லிமீற்றர், நுண்ணிய நூல் கனக்க உள்ள வளையிற வயர். வீட்டு வயரிங் துண்டு போடவே கூடாது. மோட்டர் வயர் என்றால் பழையதின்ர தடிப்புக்குக் குறையக் கூடாது. மூட்டுகள் இரண்டு பக்கமும் ஆடாத இடத்தில, ஒன்றுக்கு ஒன்று இரண்டு விரல் தள்ளி, உள்ள பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு. எல்லா மூட்டும் ஒரே இடத்தில வந்தால் கட்டு தடிச்சு பூட்டுக்குள்ள போகாது. கேன் சோடி என்றால் முறுக்கைக் குலைக்கவேண்டாம். மூட்டிற இடத்தில மட்டும் பிரிச்சு, பிறகு திரும்ப முறுக்குங்கோ. பூட்டுக்குள்ள வயர் நுழையேல்லை என்றால் கொஞ்சம் சிலிக்கோன் ஸ்பிறே, பெற்றோலியம் கிறீஸ் வேண்டாம், றப்பர் ஊதும். கடைசியாக பூட்டின்ர இரண்டு விளிம்பும் தகட்டில கிளிக் என்று இருந்ததோ என்று விரலால சுத்தித் தடவிப் பாருங்கோ. அது சரியா இருக்கேல்லை என்றால் மழைத் தண்ணி வயர் வழியே பொடி கொம்பியூட்டருக்குப் போகும். அந்தச் செலவு ஷட்டர்ச் செலவு இல்லை.

மருதானை டயக்னோஸ்டிக்:

மட்டக்குளித் தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆடாத இடத்தில ஈயத்தை விட நல்ல கிறிம்ப் மூட்டு திறம் என்றதையும் சேர்க்கவேணும். கிறிம்ப் பிளையர் தரமில்லை என்றால் மட்டும் ஈயம்.

நுகேகொடை 12 வோல்ற்:

இது வேற மாதிரிப் பிழை. தொடர்பு அறுந்தது இல்லை, கதைக்கிறதை நிப்பாட்டாதது. மூன்று நாள் நிப்பாட்டினால் பற்றரி செத்துப்போகும், பிறகு ஸ்கானரில கதவு மொடியூல் எல்லாத்துக்கும் "தொடர்பு இழந்தது". அந்தக் குறியீடுகள் வோல்ற் விழுந்ததால வந்தது, அவையை நம்பி ஒன்றையும் மாத்தாதேயுங்கோ. பற்றரியை முழுக்கச் சார்ஜ் பண்ணி, அழிச்சு, ஓடவிட்டு, எது திரும்ப வருது என்று பாருங்கோ. இதில ஒன்றும் திரும்ப வரேல்லை.

பற்றரி நெகடிவில அம்பியர் மீற்றரைத் தொடராகப் போட்டு அளந்தால் 380 மில்லி அம்பியர், அரை மணித்தியாலம் கழிஞ்சும் அதே. 50க்குக் கீழ இறங்கியிருக்கவேணும். அளக்க முதல் கதவைத் திறந்து வைச்சு, லொக்கின்ர நாக்கை ஸ்குறூடிறைவரால தள்ளிப் பூட்டுங்கோ. வாகனம் கதவு மூடியிருக்கு என்று நினைக்கும், நீங்கள் உள்ள கை விடலாம். முடிஞ்சதும் கைபிடியை இழுத்து நாக்கை விடுவிக்காமல் கதவை அடிச்சால் லொக் நசியும்.

மாஸ்டர் சுவிட்சுக்குப் பின்னால நீலக் கிளிப் ஒன்று. பூட்டினவுடன ஷட்டர் தானா ஏறிற ஒரு கிற், லின் வயரைக் கடிச்சுக்கொண்டு இருக்கு. லின்னில 4 இலிருந்து 10 செக்கன் அமைதி இருந்தால் சிலேவ்கள் நித்திரைக்குப் போகவேணும். இந்தக் கிற் சில செக்கனுக்கு ஒருக்கா வயரைத் தட்டி எல்லாரையும் எழுப்புது. கிளிப்பைக் கழட்டின பிறகு 22 மில்லி அம்பியர். கிளிப் கடிச்ச இடத்தில செம்பு நூல் பாதி வெட்டுப்பட்டிருந்தது, அந்தத் துண்டையும் மாத்தவேணும்.

பற்றரி கழட்டின பிறகு ஓட்டோ ஷட்டர் வேலை செய்யாமல் சுவிட்ச் லைற் மின்னினால் அது தொடர்புப் பிழை இல்லை, மோட்டர் தன்ர எல்லையை மறந்திட்டுது. ஷட்டரை மேல முட்டும் வரை ஏத்தி, சுவிட்சை விடாமல் பிடிச்சிருங்கோ. எத்தனை செக்கன் என்றது மொடலுக்கு மொடல் மாறும். ஒவ்வொரு கதவையும் அந்தந்தக் கதவின்ர சுவிட்சால செய்யவேணும். இதை மோட்டர்ப் பிழை என்று நினைச்சு பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைக்குப் போய் வேற மோட்டர் வாங்கினால் அதுக்கும் இதே வேலை செய்யத்தான் வேணும்.

வெள்ளவத்தை வயரிங்:

மருதானை நானா, கிளை அளவு பற்றி எழுதினது இங்க ஒருத்தரும் செய்யாத சோதனை, நன்றி. வயரின்ர உறையில ஊசி குத்தி அளக்கிறதை மட்டும் எல்லாரும் விடுங்கோ. கடற்காத்தில அந்த ஓட்டையாலதான் பச்சை ஏறுது. பிளக்கின்ர பின்பக்கத்தால மெல்லிய பின் நுழைச்சால் காணும். ரெஸ்ட் லாம்பும் வேண்டாம், பல்ப் இழுக்கிற கரண்டில லின் வயர் அமுங்கும், நல்ல பஸ்ஸும் செத்த மாதிரித் தெரியும்.

அந்த ஹைபிரிட்டுக்குக் கால் பக்கப் பனலில இருந்து கதவுக்குள்ள வரை புது வயர் போட்டாச்சு, பழைய மாஸ்டர் சுவிட்சையே திருப்பிப் பூட்டினது. மீற்றரை வைச்சுக்கொண்டு கதவை ஐம்பது தரம் திறந்து பூட்டினாலும் இரண்டு முனையிலயும் 9 சொச்சம், ஆடிக்கொண்டே இருக்கு.