புதுப்பிப்பு: லிட்டருக்கு 17 கி.மீ. கொடுத்த கார் 12க்கு இறங்கியது ஏன்

நாகர்கோவில் - மார்த்தாண்டம் ஓட்டத்தில் பெட்ரோல் காரின் மைலேஜ் 17லிருந்து 12 ஆகிவிட்டது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஏர் ஃபில்டர் மாற்றியதில் ஒன்றும் இல்லை. டயர் காற்றழுத்தம் 26 psi தான் இருந்தது, 33 வைத்ததும் மைலேஜ் 13 வந்தது. "ஓட்டி நிறுத்தியதும் வீல் பக்கத்தில் கை வைத்துப் பாருங்க" என்று ஒரு அண்ணன் சொன்னாரே, அதுதான் விஷயம்: பின்னால் இடது வீல் மட்டும் கொதித்தது. குளச்சலில் கடலோரமே நிறுத்தி நிறுத்தி ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து, பிரேக் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. கேபிள் மாற்றி, ஃபுல் டேங்க் அடித்து மறுபடி ஃபுல் ஆக்கி இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன், 16.5. அப்புறம் எதிர்பாராத ஒன்று: திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழி கணவாயில் அடிக்கும் எதிர்காற்றில் 14 தான். ஆடி மாதத்தில் அதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள்.