கோரைக்குக் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்து ஐந்து நாள் ஆகிறது, இன்னும் பச்சையாகவே நிற்கிறது. இன்னொரு முறை அடிக்கலாமா?

களத்துமேடு:
வணக்கம். பல்லடம் பக்கம் எங்கள் தோட்டம். களத்தைச் சுற்றியும் வண்டித் தடத்திலும் கோரை மண்டிக் கிடக்கிறது. போன ஞாயிறு காலையில் அப்பா 41 சதவீத கிளைபோசேட்டை 10 லிட்டருக்கு 100 மில்லி கலந்து அடித்தார். போர் தண்ணீர்தான், பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். தடத்தில் இருந்ததை மட்டும் முந்தின நாள் மாட்டுக்கு அறுத்துவிட்டோம். இன்றுவரை ஒரு தாள்கூட வாடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் வேறு ஏதோ மருந்து அடித்தார்கள், மறுநாளே கருகிவிட்டது. நாளைக்கு 200 மில்லி போட்டு அடிக்கிறேன் என்கிறார் அப்பா. தடத்தை ஒட்டி வாழை வேறு நிற்கிறது. என்ன செய்யட்டும்?

செம்மண்:
நாளைக்கு அடிக்க வேண்டாம் அம்மா. அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் அடித்தது பட்ட இடத்தை எரிக்கிற மருந்தாக இருக்கும். மேலே கருகும், கீழே கிழங்கு அப்படியே இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப முளைக்கும். கிளைபோசேட் அப்படி இல்லை. இலை வழியாக உள்ளே போய், இலை தயாரிக்கிற சாப்பாட்டோடு சேர்ந்து கிழங்குவரை இறங்கும். செடி வளரத் தேவையான மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கிற ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. முதலில் வளர்ச்சி நிற்கும், அப்புறம் குருத்து மஞ்சளாகும். கோரைக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, தடத்தில் அறுத்தது. இலையே இல்லாவிட்டால் மருந்து எந்த வழியாக உள்ளே போகும்? இன்னொன்று, தண்ணீர். உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் இந்த மருந்தைப் பிடித்துக்கொள்ளும், செடிக்குள் போவது குறைந்துவிடும். அதற்குத்தான் லிட்டருக்கு 20 கிராம் அமோனியம் சல்பேட் உரத்தை முதலில் கரைத்து, பிறகு மருந்தை ஊற்றச் சொல்வது. கலங்கல் தண்ணீரும் ஆகாது, மண்துகளில் ஒட்டிக்கொண்டால் மருந்து வேலை செய்யாது. அளவை இரட்டிப்பாக்கினால் இந்த இரண்டும் சரியாகாது, வாழைக்குத்தான் ஆபத்து கூடும்.

எதில் கலந்தீர்கள்? ஜிங்க் பூசிய தகர வாளி என்றால் கூடவே கூடாது. உலோகத்தோடு சேர்ந்து தீப்பிடிக்கிற வாயு வரும். பிளாஸ்டிக் வாளிதான் சரி.

வாழைத்தோப்பு:
வாழையைப் பற்றி நான் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு சாயங்காலக் காற்றில் வரப்புக்கு அடித்தேன். அடுத்து வந்த இலைகள் நாடா மாதிரி ஒடுங்கி, வெளுத்து வந்தன. ஒரு வரிசை மரம் குலை தள்ளவே இல்லை. இப்போது காற்றில்லாத காலையில்தான் அடிக்கிறேன். பழைய பிளாஸ்டிக் கேனின் அடியை அறுத்து நாசிலைச் சுற்றி மூடிபோல மாட்டி, தரையை ஒட்டிப் பிடித்து அடிப்பேன். வாழையிலிருந்து இரண்டடிக்குள் மண்வெட்டிதான்.

களத்துமேடு:
நல்லவேளை, பிளாஸ்டிக் டிரம்தான். இன்னொன்றும் கேட்க வேண்டும். அப்பா வெறுங்காலோடுதான் அடிப்பார், நடுவில் வெற்றிலையும் போடுவார். இந்த மருந்தால் புற்றுநோய் வரும் என்கிறார்களே, உண்மையா?

செம்மண்:
உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் இதை 'மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, முறைப்படி பயன்படுத்தினால் அதற்கு வாய்ப்பில்லை என்கிறது. வாதம் இன்னும் ஓயவில்லை. அந்த நொதி மனித உடம்பில் இல்லை என்று கடைக்காரர்கள் சொல்வது சரிதான். ஆனால் பாட்டிலுக்குள், இலையில் ஒட்டுவதற்காகச் சேர்த்த சோப்பு மாதிரிப் பொருளும் இருக்கிறது. வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து, மாற்று மருந்தும் கிடையாது.

அதனால் ரப்பர் பூட்ஸ், கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் வேண்டும். வெற்றிலை கண்டிப்பாக வேண்டாம் அம்மா. கையில் பட்ட மருந்து நேரே வாய்க்குப் போகிறது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, துணியைத் தனியாகத் துவைக்கட்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவி, பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டேங்க் கழுவின தண்ணீரை வாய்க்காலிலோ கிணற்றோரமோ ஊற்றாதீர்கள், மீனுக்கு ஆகாது. அடித்த இடத்தில் மாடு மேயக்கூடாது.

இன்னொன்று, நம் நாட்டில் இதற்குத் தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லாத இடத்துக்கும்தான் அனுமதி. பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே அடிக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிப்பும் வெளியிட்டது. அடுத்த தடவைக்கு முன்னால் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

களத்துமேடு:
பதினெட்டாம் நாள். களத்தோரம் குருத்தெல்லாம் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது. நான்கைந்து இடத்தில் தோண்டினேன், கிழங்கு பழுப்பாகிச் சொதசொதவென்று இருக்கிறது. தடத்தில்தான் புதுத் தளிர் வருகிறது, நீங்கள் சொன்னதேதான். அப்பாவுக்கு பூட்ஸ் வாங்கிவிட்டேன். தடத்துக்கு எப்போது அடிக்கட்டும்?

செம்மண்:
ஒரு சாண் வளரட்டும், பூவெடுப்பதற்கு முன்னால் அடியுங்கள். அன்றைக்கு ஆறு மணி நேரமாவது மழை வராது என்று தெரிந்தால்தான். அதுவரை மாட்டுக்கு அறுக்க வேண்டாம். வாழையோரம் இருப்பதை மட்டும் கிழங்கோடு கொத்தி எடுத்துவிடுங்கள்.