பக்ளிங்குக்கு என்ன சொல் போடலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கட்டமைப்பியல் பாடம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்ளிங்கில் (buckling) மாட்டிக்கொண்டேன். பழைய வரைவில் யாரோ ‘வளைவு’ என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அதே பாடத்தில் பெண்டிங்கும் (bending) வளைவுதான். உத்திரத்தின் நடுவில் பாரம் வைத்தால் முதல் கிலோவிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. தூண் அப்படியில்லை, தலையில் ஏற்ற ஏற்ற நேராகவே நிற்கும், ஒரு எல்லை வந்ததும் சட்டென்று பக்கவாட்டில் போய்விடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் பாதிப் பாடம் போச்சு. ‘நெளிவு’ சரிப்படுமா?

-----

> ‘நெளிவு’ சரிப்படுமா?

அம்மா, வேண்டாம். புழு நெளியும், சட்டம் படித்தவர்களுக்கு நெளிவுசுளிவு தெரியும், தூணுக்கு அது எதற்கு? நல்ல சொல் வீட்டிலேயே கிடக்கிறது: ஒல்குதல். வளைதல், தளர்தல் இரண்டும் அதில் உண்டு. ‘ஒல்காப் பெரும்புகழ்த் தொல்காப்பியன்’ என்கிறோம். வள்ளுவர் ‘ஒழுக்கத்தின் ஒல்கார் உரவோர்’ என்கிறார். இதன் பெயர்ச்சொல்தான் ‘ஒற்கம்’. ‘ஒற்கத்தின் ஊற்றாந் துணை’ என்ற குறளில் ஒற்கம் தளர்ச்சி, ஊற்று என்பது ஊன்றுகோல். ஊன்றுகோல் என்ன? மேலிருந்து பாரம் தாங்கும் ஒல்லித் தூண்! தளர்ச்சியையும் தூணையும் ஒரே அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லைச் சுமையும் நமக்குப் புதிதல்ல, ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’ இருக்கவே இருக்கிறது, மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். ‘ஒற்கம்’, ‘ஒற்கச் சுமை’ என்று போடுங்கள்.

-----

ஐயா, குறள் அருமை, ஆனால் அந்த வண்டி அச்சு இங்கே உதவாது. அச்சு இறுகிறது, அதாவது பொருளின் வலிமை தீர்ந்து முறிகிறது. பக்ளிங்கில் எதுவும் முறிய வேண்டியதில்லை. ஒரு மீட்டர் நீளம், 30 மிமீ அகலம், 1 மிமீ தடிமன் உள்ள எஃகு அளவுகோலை நிறுத்தி வைத்து உள்ளங்கையால் மேலிருந்து அமுக்கிப் பாருங்கள். அந்த எஃகை நசுக்குவதற்கு 700 கிலோவுக்கு மேல் வேண்டும், ஆனால் அரைக் கிலோ அழுத்தத்திலேயே பக்கவாட்டில் போய்விடும். கையை எடுத்தால் பழையபடி நேர். எஃகுக்கு ஒன்றும் ஆகவில்லை, வடிவம்தான் தாங்கவில்லை.

ஆய்லர் 1744இல் எழுதிய சூத்திரத்தில் பொருளின் வலிமை வரவே வராது. மீள்தன்மை எண் (பொருள் எவ்வளவு விறைப்பு என்பதன் அளவு), குறுக்குவெட்டின் வடிவம், நீளம், அவ்வளவுதான். ஒல்லித் தூணுக்கு விலை அதிகமான உயர்வலிமை எஃகைப் போட்டுப் பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம், எல்லா எஃகுக்கும் மீள்தன்மை எண் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

ஆற்றல் கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. கம்பி சிறிது விலகினால் அதை வளைக்க ஆற்றல் செலவாகிறது. அதே விலகலில் மேலிருக்கும் பாரம் கொஞ்சம் கீழே இறங்குவதால் ஆற்றல் கிடைக்கிறது. செலவு அதிகமாக இருக்கும்வரை கம்பி நேர்நிலைக்குத் திரும்பும், வரவு முந்திய கணமே நேர்நிலை நிலையற்றதாகிவிடும். வரவு செலவு இரண்டும் விலகலின் வர்க்கத்தில்தான் கூடுகின்றன, அதனால் கம்பியை விலக்கிய தட்டல் எவ்வளவு சிறியது என்பது கணக்கிலேயே வராது.

சொல்லுக்கு வருகிறேன். சென்டரிங் வேலையில் (கான்கிரீட் இறுகும்வரை தாங்க முட்டுக் கொடுப்பது) சவுக்குக் கட்டைகளுக்கு நடுவில் குறுக்குக் கட்டை அடிப்பார்கள். பாதி உயரத்தில் பிடித்தால் தாங்கும் சுமை நாலு மடங்கு. எங்கள் மேஸ்திரி இதற்குச் சொல்வது ‘துவளாம இருக்கும் சார்’. முறியவில்லை, ஆனால் நிற்க முடியவில்லை. துவளல் என்றே வைத்துவிடலாமே? அவரிடம் போய் ‘ஒற்கச் சுமை’ என்றால் கூலியைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைப்பார்.

-----

துவளல் என்றால் தண்ணீர் இல்லாத கீரைத்தண்டு மாதிரி மெல்லத் தலை சாய்வது. எங்கள் துறையில் (ரயில்வே) நடப்பது வேறு. பற்றவைத்த நீளத் தண்டவாளம் வெயிலில் நீள முடியாமல் அழுந்திக் கிடக்கும், ஒரு டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்துக்கு 2 டன்னுக்குச் சற்றுக் குறைவாக அழுத்தம் கூடும். ஜல்லி பிடித்துக்கொண்டிருக்கும்வரை சரி. பிடி விட்டால் படக்கென்று பாம்பு மாதிரி பக்கவாட்டில் தள்ளிவிடும், சேர்ந்திருந்த அழுத்தமெல்லாம் அந்த ஒரு நொடியில் வடிந்துவிடும். இதைத் துவண்டது என்று அறிக்கையில் எழுதினால் யாருக்கும் அவசரம் புரியாது. பேசாமல் பக்ளிங் என்றே எழுதுங்கள், கேங்மேன் முதல் பொறியாளர் வரை அதைத்தான் சொல்கிறார்கள். புலவர் ஐயா கோபிக்க வேண்டாம், பஸ், டிக்கெட் எல்லாம் நம்மோடு குடும்பம் நடத்தவில்லையா?

-----

கோபமில்லை, வருத்தம்தான். வேண்டுமானால் துவளலுக்கு இறங்கி வருகிறேன். ஒரு நிபந்தனை: எல்லைச் சுமையைத் ‘துவட்சுமை’ என்று எழுதிவிடாதீர்கள். வினைத்தொகையில் ஒற்று திரியாது, துவள்சுமை என்றே நிற்கும்.

-----

> துவள்சுமை

துவளுவது தூண், சுமை இல்லையே?

-----

குடிநீர் என்றால் நீரா குடிக்கிறது, தம்பி?

-----

எல்லோருக்கும் நன்றி, நாளை காலை கோப்பை அனுப்பியாக வேண்டும். துவளல், துவள்சுமை என்று போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் பக்ளிங். தண்டவாளப் படத்துக்கு அடியில் ‘திடீர்த் துவளல்’. ரயில்வே நண்பருக்கு உடன்பாடில்லை என்று தெரியும். அப்புறம், அடுத்த பாடத்தில் பைஃபர்கேஷன் வருகிறது, கம்பி இடமா வலமா என்று பிரியும் அந்தப் புள்ளி.

-----

அம்மா, அதற்குச் சங்கச் சொல்லே உண்டு. கிளைபிரியும் வழி ‘கவலை’. கவர், கவட்டை எல்லாம் ஒரே வேர்.

-----

தேர்வுத்தாளில் ‘தூணின் கவலையை விளக்குக’ என்று வரும் ஐயா. ‘கவர்ப்பு’ என்று போட்டு முடித்துக்கொள்ளலாமா?