அம்மா கண்ணில் திடீரென்று பூச்சி பறக்கிறது, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது: அடுத்த வாரம் வரை பொறுக்கலாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 57 வயது. கிட்டப்பார்வை, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 7. சர்க்கரை இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து வலது கண்ணில் கொசு பறக்கிற மாதிரி கரும்புள்ளிகள், கூடவே ஒரு வளையம். விளக்கை அணைத்தால் காதுப் பக்க ஓரத்தில் வெள்ளையாக மின்னல் வெட்டுகிறதாம். வலி, சிவப்பு எதுவும் இல்லை. காலண்டர் எழுத்தைத் தெளிவாகப் படிக்கிறார். கண்ணாடிக் கடையில் "பவர் மாறலை, வயசானா இப்படித்தான்" என்கிறார்கள். நாங்கள் உசிலம்பட்டி. மதுரைக்கு அடுத்த வாரம் போனால் போதுமா?

சிலிட்லாம்ப்:
போதாது தம்பி, இன்றைக்கே கிளம்புங்கள்.

கண்ணுக்குள் சுமார் 4 மில்லி ஜெல் இருக்கிறது, விட்ரியஸ் என்பார்கள். வயதாக ஆக அது நீர்த்து, சுருங்கி, விழித்திரையை விட்டு விலகும். 50 வயதுக்கு மேல் இது சகஜம். பவர் அதிகம் உள்ளவர்களுக்கும், கண்புரை ஆபரேஷன் ஆனவர்களுக்கும் முன்னதாகவே வரும். ஜெல்லில் திரண்ட இழைகளின் நிழல்தான் பூச்சி. வளையம் பெரும்பாலும் பார்வை நரம்பின் மேல் ஒட்டியிருந்த பகுதி கழன்று மிதப்பது. ஜெல் விழித்திரையைப் பிடித்து இழுக்கும்போது மூளைக்கு அது வெளிச்சமாகத் தெரியும், அதுதான் மின்னல்.

பலருக்கு இது சேதமில்லாமல் முடிந்துவிடும். ஆனால் இப்படிப் புதிதாக அறிகுறி வந்தவர்களில் 100க்கு 10 முதல் 15 பேருக்கு இழுத்த இடத்தில் விழித்திரை கிழிந்திருக்கும். அந்தக் கிழிசல் வழியாக நீர் புகுந்தால், பின்னால் ஈரம் இறங்கிய சுவரொட்டி மாதிரி விழித்திரை உரிந்து வரும். விழித்திரைக்கு வலி தெரியாது, அதனால் வலி இல்லை என்பதை நம்பாதீர்கள். எழுத்து தெரிவதையும் நம்ப வேண்டாம். கிழிசல் வருவது ஓரத்தில், எழுத்து படிப்பது நடுப்பகுதியில்.

ரெட்டினா_ஓபி:
மேலே சொன்னது சரி. மதுரையில் ரெட்டினா, அதாவது விழித்திரைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். பதியும்போதே "நேற்றிலிருந்து புதுசா மின்னல், பூச்சி" என்று சொல்லுங்கள். வெறுமனே "பார்வை மங்கல்" என்றால் வரிசையில் பின்னால் போய்விடும்.

சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிக்க அரை மணி நேரம் ஆகும். பிறகு டாக்டர் தலையில் விளக்கு மாட்டி, இமை மேல் சிறு கருவியால் அழுத்தி ஓரம் முழுக்கப் பார்க்க வேண்டும். அழுத்தும்போது கொஞ்சம் உறுத்தும், அம்மா பொறுத்துக்கொள்ளட்டும், அந்தப் பரிசோதனைதான் முக்கியம். பாப்பாவை விரிக்காமல் மெஷினில் எடுக்கும் போட்டோவில் ஓரக் கிழிசல் தப்பிவிடும். உள்ளே ரத்தம் கசிந்து மறைத்தால் ஸ்கேன் எடுப்பார்கள். அடுத்த 4 முதல் 6 மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெயில் கூசும். துணைக்கு ஆளும் கூலிங் கிளாஸும் வேண்டும்.

கிழிசல் மட்டும் என்றால் பெரும்பாலும் லேசர்தான், படுக்கை தேவைப்படாது. கிழிசலைச் சுற்றிச் சில வரிசைகளாகச் சுட்டு ஒட்டுவார்கள். அந்த ஒட்டு முழுப் பலம் பெற 10 நாள், 2 வாரம் ஆகும். அதுவரை பளு தூக்க வேண்டாம். உரிந்துவிட்டால் ஆபரேஷன், கண்ணுக்குள் கேஸ் அல்லது சிலிகான் ஆயில் நிரப்புவார்கள், சில நாள் டாக்டர் சொல்லும் பக்கமே தலையை வைத்துப் படுக்க வேண்டும். கேஸ் கரையும் வரை விமானம் கூடாது. நடுப்பகுதி உரியும் முன் செய்தால்தான் இப்போதுள்ள பார்வையைக் காப்பாற்ற முடியும்.

தேனிக்காரி:
எனக்குக் கோட்டை மதில் மாதிரி நெளிந்த ஒளி வரும், 20 நிமிடத்தில் போய்விடும், பிறகு தலைவலி. இதுவும் அதேதானா?

சிலிட்லாம்ப்:
இல்லைங்க, அது மைக்ரேன் வகை. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் தெரிந்தால் அது மூளையிலிருந்து வருவது. முதல் முறை வந்தது என்றாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வைகைக்கரை, இன்று கிழிசல் இல்லை என்று சொல்லிவிட்டாலும் 4 முதல் 6 வாரத்தில் மறுபடி காட்ட வேண்டும். ஜெல் இன்னும் முழுதாக விலகாமல் இருந்தால் கிழிசல் பிந்தியும் வரும். அதுவரை தினமும் காலையில் இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மட்டும் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ, புள்ளிகள் கரி கொட்டியது போல் பெருகினாலோ, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பூச்சியைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதையும் வாங்கி விடாதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.