ஷேர் பட்டனைப் பார்த்துப் போட்டது அவ்வளவு பெரிய தப்பா?

காட்பாடி அச்சகம்:
காட்பாடியில் 22 வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். போன வருஷம் தங்கை மகன் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு மாடலுக்கும் கீழே ஒரு ஷேர் பட்டன்: பச்சை வெற்றிலை, அதன் காம்பில் வாட்ஸ்அப் அடையாளம், பக்கத்தில் 'சொந்தபந்தங்களுக்குச் சொல்லுங்க'. பையனுக்கு இவ்வளவு ரசனையா என்று நான்கூட அசந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை காலை குடியாத்தத்திலிருந்து ஒரு பெண்வீட்டார் போன். "என்னங்க, பத்திரிகைக்குக் கீழ 'இது திருட்டுப் படம்'னு போட்டிருக்கு?" திறந்து பார்த்தால் வெற்றிலையைக் காணோம். எல்லா மாடலுக்கும் கீழே சிவப்பு எழுத்தில் அதே வாசகம், முருகன் படம் போட்ட பத்திரிகைக்கும் சேர்த்து. பையனைக் கேட்டால், பத்திரிகை விற்கும் ஒரு சென்னைக் கம்பெனியின் தளத்திலிருந்து எடுத்தானாம்.

உடனே எடுக்கச் சொல்லிவிட்டேன். என் சந்தேகம் வேறு. கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லாத பட்டன். எல்லாத் தளத்திலும் அதே ஃபேஸ்புக் எஃப், அதே வாட்ஸ்அப் பச்சை போன்தான் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்கவில்லையே? நாங்களெல்லாம் சிவகாசி ஆல்பத்தை வைத்துத்தானே பிழைக்கிறோம்?

சத்துவாச்சாரி கோடிங்:
அண்ணே, முதலில் அந்தச் சிவப்பு எழுத்து. தம்பி படத்தை இறக்கி உங்கள் சர்வரில் வைக்கவில்லை, அவர்கள் படத்தின் முகவரியை அப்படியே ஒட்டியிருக்கிறான். ஹாட்லிங்கிங் என்பார்கள். உங்கள் பக்கத்தை யார் திறந்தாலும் படம் அவர்கள் சர்வரிலிருந்துதான் வரும், எந்தத் தளம் கேட்டது என்றும் அங்கே பதிவாகும். உங்கள் தளம் கேட்டால் மட்டும் வேறு படம் போகும்படி செய்துவிட்டார்கள். உங்கள் தளத்துக்குள் யாரும் புகவில்லை, பயப்படாதீங்க.

எஃப் கதை வேறு. ஃபேஸ்புக் 2010 ஏப்ரலில் லைக் பட்டனை விட்டதே மற்ற தளங்கள் போட்டுக்கொள்ளத்தான். ட்விட்டரும் அதே ஆகஸ்டில் தன் பட்டனைக் கொடுத்தது. அதுவரை பல தளங்களில் இருந்தது ட்வீட்மீம் என்ற வேறொரு கம்பெனியின் பட்டன். சும்மா கொடுத்தாலும் நிபந்தனை உண்டு: அடையாளத்தின் வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஷேர் பட்டன் என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. அந்த வெற்றிலைப் படம் சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நக அளவு படத்துக்கென்று விலக்கு எதுவும் கிடையாது.

ஆற்காடு பேடா:
அண்ணா, எங்களுக்கு மக்கன் பேடா கடை. அந்தப் பெயரை நாங்கள் சொந்தம் கொண்டாட முடியாது, ஆற்காட்டில் எத்தனையோ பேர் போடுகிறார்கள். ஆனால் எங்கள் டப்பாவின் மஞ்சள் நிறத்தையும் சிவப்புக் கோடுகளையும் அச்சு அசலாக எடுத்து, ரோட்டோரத்தில் ஒருத்தர் விற்றார். உள்ளே ஒரு முந்திரிகூட இல்லை, வெறும் மாவும் ஜீராவும். சாப்பிட்டவர்கள் திட்டினது எங்களை. அந்த டப்பாவையும் ஏதோ ஒரு அச்சகம்தானே அடித்துக் கொடுத்திருக்கும்?

சிவகாசி ஆல்பத்தில் பார்க்கும் கார்டை நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் பெயரை அடிக்கிறீர்கள். என் பெண் கல்யாணத்துக்கு நான்தான் பார்த்து எடுத்தேன், தெரியும். அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்காதீங்க.

காட்பாடி அச்சகம்:
டப்பா விஷயம் சுருக்கென்று குத்திவிட்டதும்மா. அது நான் இல்லை. ஆனால் மாதிரியைக் கொண்டுவந்து நீட்டினால், யாருடையது என்று கேட்காமல் அடித்துக் கொடுத்த நாட்கள் எனக்கும் உண்டு.

சென்னைக் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் போட்டேன். 'எடுத்துவிட்டீர்கள், போதும்' என்று ஒரே வரி வந்தது. அப்புறம் நேற்று புதுப் பட்டன் போட்டாயிற்று: நாலு மூலையிலும் மஞ்சள் தடவின குட்டிக் கார்டு. நானே மஞ்சள் குழைத்துத் தடவி ஸ்கேன் எடுத்தேன். வாட்ஸ்அப் அடையாளம் தனியாக, அவர்கள் கொடுத்தபடியே இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி கோடிங்:
அழகா இருக்குண்ணே. ஆனால் ஒரு பட்டன் நாலு எம்பி இருக்கிறது, ஸ்கேனை அப்படியே ஏற்றிவிட்டான் தம்பி. படத்தைச் சின்னதாக்கச் சொல்லுங்க.