ஈ+06 என்றால் எத்தனை கிலோ?

வேலையில் சேர்ந்த இரண்டாவது மாதம். மோட்டார் உட்காரும் பேஸ் பிளேட். 500-க்கு 400, தடிமன் 20 மி.மீ. ஷாப்பிலிருந்து ஃபோர்மேன் அண்ணன் வந்து, "தம்பி, வெயிட் எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்றார். படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் மாஸ்பிராப் கொடுத்தேன்; மாஸ், கன அளவு எல்லாம் காட்டும் கட்டளை அது. மாஸ்: 4.0000ஈ+06.

ஈ என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வருவது பத்தின் அடுக்கு என்று படித்திருக்கிறேன். நாற்பது லட்சம். கிராமாகத்தான் இருக்கும் என்று 1,000-ஆல் வகுத்து, "4,000 கிலோ அண்ணே" என்றேன். "நாலு டன்னா? நேத்து இதே சைஸை நானும் ஹெல்ப்பரும் கையாலதானே தூக்கி வச்சோம்!" என்றார்.

ஆட்டோகேடுக்கு அது இரும்பா மரமா என்று தெரியாது. அடர்த்தியை 1 என்று வைத்துக்கொள்கிறது. மாஸ் என்று அது காட்டியது வெறும் கன அளவு, அதுவும் கன மில்லிமீட்டரில். பத்து லட்சம் கன மி.மீ. சேர்ந்தால் ஒரு லிட்டர். அதனால் மி.மீ.யில் வரைந்த படத்தில் ஈ+06 வந்தால், முன்னால் நிற்கும் எண்ணை அப்படியே லிட்டராகப் படிக்கலாம். ஒரு லிட்டர் ஸ்டீல் 7.85 கிலோ. நாலு லிட்டருக்கு 31.4 கிலோ. அன்றிலிருந்து எந்தப் பார்ட்டையும் முதலில் லிட்டராகத்தான் பார்க்கிறேன். அலுமினியம் என்றால் 2.7-ஆல் பெருக்குவேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, எனக்கு மைனஸில் வந்தது. பார்ட் பளுவை, அதிர்வைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிடும் அனாலிசிஸில், அலகுகளை மி.மீ., நியூட்டன், செகண்ட் என்று எடுத்தால் மாஸ் டன்னில்தான் வரும். 3.14ஈ-02 என்றால் 0.0314 டன், உங்கள் அதே 31.4 கிலோ. ஸ்டீல் அடர்த்தியும் 7.85ஈ-09 என்று கொடுக்க வேண்டும். நான் கிலோக் கணக்கில் 7.85ஈ-06 போட்டுவிட்டேன். பார்ட் 1,000 மடங்கு கனத்துவிட்டது; 95 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இயல் அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ் என்று வந்தது. டிசைனே தப்பு என்று, விறைப்பைக் கூட்டும் பட்டைகளை, ரிப் மேல் ரிப்பாகச் சேர்த்து இரண்டு நாள் போனது. இப்போதெல்லாம் ரன் கொடுத்ததும் ஸ்ட்ரெஸ் படத்தைத் திறப்பதற்கு முன் மொத்த மாஸைத்தான் பார்க்கிறேன்.

*

சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் மென்பொருளில் மெட்டீரியல் கொடுக்காமல் விட்டால் வழக்கமாகத் தண்ணீரின் அடர்த்தியைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் பிளேட் அதில் 4 கிலோ என்று வரும். 4 டன் என்றால் யாராவது கேட்பார்கள். 4 கிலோவை ஒருவரும் கேட்கவில்லை, கொட்டேஷனில் அப்படியே போய்விட்டது.