நிலாவெளி வீதி விபத்து: வேன்காரர் நீட்டும் கடிதத்தில் கையெழுத்து வைக்கலாமா?

உப்புவெளி அக்கா:
வணக்கம். போன மாதம் பொழுதுபட்ட நேரம் என் தம்பி வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திருகோணமலை நிலாவெளி வீதியால் வந்துகொண்டிருந்தான். சாம்பல்தீவுப் பக்கம் எதிரே வந்த வேன் மாட்டுக்கு விலத்தப் போய், நடுக்கோட்டைத் தாண்டி இவன் பக்கத்துக்குள் வந்து இடித்துவிட்டது. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். மேசன் வேலை செய்கிறவன், இப்போது பாயோடு கிடக்கிறான்.

பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது. வேன் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து, 75,000 ரூபாய் தருகிறேன், இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்று கடிதம் நீட்டுகிறார். முழுக்கச் சிங்களத்தில் டைப் செய்தது. "மாடு வந்ததுக்கு நான் என்ன செய்ய? உங்கட தம்பியின் ரெவனியூ லைசன்ஸும் முடிஞ்சு கிடக்கு. கோர்ட்டுக்குப் போனால் உங்களுக்கும்தான் பிழை" என்கிறார். ரெவனியூ லைசன்ஸ் (வருடா வருடம் கட்டும் வாகன வரிப் பத்திரம்) முடிந்தது உண்மை. ஓட்டுற லைசன்ஸ், தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் சரி. என்ன செய்யலாம்?

கந்தளாய் தம்பி:
அக்கா, வழக்கென்று போனால் வருடக்கணக்கில் இழுபடும். இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டு வாங்கிக்கொண்டு விடுங்கள்.

கோர்ட்டடி அண்ணன்:
தம்பி சொல்வதில் பாதி சரி, வழக்கு இழுபடும்தான். ஆனால் வாசிக்கத் தெரியாத கடிதத்தில் மட்டும் கையெழுத்து வேண்டாம் தங்கச்சி. அந்த மாதிரிக் கடிதங்களில் "முழுமையான, இறுதியான தீர்வு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரிதான் வழமையாக இருக்கும். பிளேட் கழற்ற இன்னொரு ஆபரேஷன் வந்தாலும் அப்புறம் ஒன்றும் கேட்க முடியாது. கைச்செலவுக்கு இப்போது காசு தேவையென்றால் வாங்குங்கள், தவறில்லை. "வைத்தியச் செலவுக்கான உதவி, நட்டஈட்டுக் கோரிக்கையைப் பாதிக்காது" என்று தமிழில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

ரெவனியூ லைசன்ஸ் கதை வெருட்டல். அதற்குத் தனியாகத் தண்டப்பணம் வரலாம். ஆனால் வரி கட்டியிருந்தால் வேன் கோட்டைத் தாண்டாமல் இருந்திருக்குமா? விபத்துக்குக் காரணமான கவனயீனத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

மாட்டுக் கதையைக் கொஞ்சம் கவனமாக எடுக்க வேண்டும். திடீரென்று ஆபத்து வந்தது, வேறு வழியில்லை என்பதும் ஒரு வாதம்தான். ஆனால் அந்த வீதியில் பின்னேரம் மாடு நிற்கும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்த வீதியில் பிரேக் பிடித்து நிறுத்த முடியாத வேகத்தில் ஏன் வந்தார் என்று கேட்கலாம். பிரேக் அடையாளம், கண்ணாடித் துண்டு கிடந்த இடம், பொலிஸ் கீறிய வரைபடம், இவைதான் பேசும். உங்கள் தம்பியிலும் கொஞ்சம் பிழை என்று கண்டாலும் கோரிக்கை அடியோடு போகாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பங்கு பிரிப்பார்கள். நட்டம் 8 லட்சம், உங்கள் தம்பியின் பிழை கால்வாசி என்றால் அவருக்கு 6 லட்சம்.

அடுத்தது, பொலிஸ் வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. நீதவான் நீதிமன்றத்தில் சாரதிக்குத் தண்டம் விழுவதோடு கதை முடிந்துவிட்டது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். நட்டஈடு மாவட்ட நீதிமன்ற விடயம், விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் காலம் ஓடிவிடும். வழக்குக்கு முன்போ, தொடங்கி 7 நாளுக்குள்ளோ வேனின் இன்சூரன்ஸ் கம்பனிக்கு அறிவித்தல் போக வேண்டும். போகாவிட்டால் தீர்ப்புப் பணம் கட்டும் பொறுப்பிலிருந்து கம்பனி நழுவிவிடும், நீங்கள் வேன்காரரின் பின்னால் அலைய வேண்டிவரும். காயத்துக்கான காசு பெரும்பாலும் அந்தக் கம்பனியிடமிருந்துதான் வரும், ஏனென்றால் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் ஓட்டவே சட்டம் விடாது.

உப்புவெளி அக்கா:
மிக்க நன்றி அண்ணா. ஆஸ்பத்திரி அரசாங்கத்தினது, பில் எதுவும் இல்லை. அப்போது எதைக் காட்டிக் கேட்பது?

கோர்ட்டடி அண்ணன்:
டயக்னோசிஸ் காட் (ஆஸ்பத்திரியில் தரும் நோய் விபர அட்டை), எக்ஸ்ரே, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்த காசு, வெளியில் வாங்கிய மருந்து, எல்லாவற்றையும் திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள். பெரிய தொகை இழந்த சம்பளத்தில்தான் நிற்கும். மேசனுக்குச் சம்பளத் துண்டு இருக்காது, எனவே வேலை கொடுத்த பாசிடம் நாட்கூலியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எடுங்கள். வலி, நோவுக்கும் தனியாகக் கேட்கலாம்.

லிங்கநகர் கராஜ்காரன்:
சைக்கிளைத் திருத்தி விடாதீர்கள் அக்கா. மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்த்த பிறகும் நாலு பக்கமும் படம் எடுத்து, எஸ்டிமேட் வாங்கி வையுங்கள். உங்கள் தேர்ட் பார்ட்டி உங்கள் சைக்கிளுக்கு ஒரு சதமும் தராது. வேன் பக்கம்தான் கேட்க வேண்டும். கட்டாயக் காப்புறுதி உயிருக்கும் காயத்துக்கும்தான், பொருள் சேதத்துக்கு அவர்களின் பொலிசியில் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

உப்புவெளி அக்கா:
கமரா கேட்கப் போகிறேன். இன்னொன்று, தம்பியின் வாக்குமூலத்தை ஆஸ்பத்திரியில் வைத்துச் சிங்களத்தில்தான் எழுதினார்கள். லோயருக்குக் கொடுக்கவும் காசில்லை.

கோர்ட்டடி அண்ணன்:
தமிழில் கொடுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி உறுதிப்படுத்திய பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். பிழையாக எழுதியிருந்தால் மேலதிக வாக்குமூலம் தமிழில் கொடுக்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக வழக்குப் பேசும், திருகோணமலையிலும் அவர்களின் நிலையம் இருக்கிறது. அடையாள அட்டை, பொலிஸ் பிரதி, டயக்னோசிஸ் காட், அந்தச் சிங்களக் கடிதத்தின் படம், எல்லாவற்றையும் கொண்டு போங்கள்.